தம்பிக்கு கிரேடு 2, அக்காவுக்கு கிரேடு 1: மலையகத்திலிருந்து ஒரு கொழுப்பு ஈரல் நிகழ்வு ஆய்வு

ஸ்கேன் ரிப்போர்ட்டில் "கொழுப்பு ஈரல், கிரேடு 2" என்று இருந்தால் ஆள் பதறிக்கொண்டு வருவார். "கிரேடு 1" என்றிருந்தால் அதை மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் செருகிவிட்டு மறந்துபோவார். இந்த நிகழ்வில் பதறி வந்தவர் தம்பி. சும்மா துணைக்கு வந்தவர் அக்கா. சிகிச்சை அவசரமாகத் தேவைப்பட்டது அக்காவுக்குத்தான்.

இது ஒரேயொரு குடும்பத்தின் கதை அல்ல. ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கம் திரும்பத் திரும்பக் காணக் கிடைக்கும் விபரங்களைச் சேர்த்து, யாருடைய அடையாளமும் தெரியாதபடி ஒரு குடும்பமாக எழுதியிருக்கிறேன். நோயாளிகளின் எண்கள் அப்படிக் கோர்த்தவை. ஆய்வுகளின் எண்கள் மட்டும் வெளியானபடியே.

வந்த விதம்

தம்பிக்கு 44 வயது. ஹட்டன் டவுனில் ஓட்டோ ஓட்டுகிறார். கட்டாரில் வேலைக்குப் போக மெடிக்கல் எடுத்த இடத்தில் எஸ்.ஜி.பி.டி. (ஈரல் பாதிக்கப்படும்போது இரத்தத்தில் கூடும் நொதி) கூடியிருக்கிறது என்றார்கள். தனியார் இடமொன்றில் ஸ்கேன் எடுத்தார், கிரேடு 2. அன்றைக்கே பாமசிக்குப் போய்க் கேட்டு வாங்கியவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சிலிமரின் குளிசை ஒரு அட்டை, விற்றமின் ஈ ஒரு அட்டை, ஈரல் டொனிக் ஒரு போத்தல்.

"டொக்டர், ஈரல் பழுதாப் போச்சுங்கிறாங்க. பிளைட் ஏற விடுவாங்களா?"

உயரம் 165 சென்ரிமீற்றர், நிறை 78 கிலோ, பி.எம்.ஐ. 28.7, இடுப்புச் சுற்று 101 சென்ரிமீற்றர். தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90ஐத் தாண்டினாலே கணக்கில் எடுக்கிறோம். எச்பிஏ1சி (மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் சோதனை) 6.1, அதாவது சீனி வருத்தத்தின் வாசற்படி. எஸ்.ஜி.பி.டி. 78, அதன் கூட்டாளி நொதியான எஸ்.ஜி.ஓ.டி. 41, இரத்தத் தட்டுக்கள் 2,56,000. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் இல்லை.

குடியைப் பற்றிக் கேட்டதும், "எப்பவாச்சும், கலியாணம் காட்சினா" என்றார். பக்கத்தில் இருந்த அக்கா விடவில்லை. "ஏன்டா டொக்டர்கிட்ட பொய் சொல்ற? கெழமைக்கு ரெண்டு தடவ கால் போத்தல் எடுக்கிறவன்தானே நீ."

இந்தத் தகவல் முக்கியம். 180 மில்லிலீற்றர் சாராயத்தில், 35 சதவீத மதுசாரம் என்று வைத்தால், ஏறக்குறைய 50 கிராம் மதுசாரம் இருக்கிறது. கிழமைக்கு இரண்டென்றால் 100 கிராம். 2023 ஜூனில் சர்வதேச ஈரல் சங்கங்கள் சேர்ந்து இந்த நோயின் பெயரையும் வரையறையையும் திருத்தியபோது, ஆண்களில் கிழமைக்கு 210 கிராமுக்கு மேல் போனால் அதை மதுவும் வளர்சிதைக் கோளாறும் கலந்த தனி வகையாகப் பிரித்தார்கள். பெண்களுக்கு அந்த எல்லை 140 கிராம். தம்பி எல்லைக்குள்தான் இருக்கிறார். ஆனால் அந்த எல்லை நோயைப் பெயரிடுவதற்குப் போட்டது. அவ்வளவு குடிக்கலாம் என்று யாரும் அனுமதி தரவில்லை.

அக்காவின் கதை தற்செயலாகத்தான் வெளியே வந்தது. "எனக்கும் போன வருசம் இப்படித்தான் ஒன்னு எழுதிக் குடுத்தாங்க. ஆனா எனக்கு ஒன்னுதான், இவனுக்குத்தான் ரெண்டு" என்று சொல்லிக்கொண்டே கொப்பிக்குள்ளிருந்து தாளை எடுத்தார்.

1967இல் பிறந்தவர், வயது 58. பதினெட்டு வயதில் பேர் பதிந்து மலையேறியவர். முழங்கால் வலியால் இரண்டு வருடங்களுக்கு முன் கொழுந்து எடுப்பதை விட்டார். இப்போது பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு லயத்தில் இருக்கிறார். சீனி வருத்தம் 12 வருடமாக. மெட்போமினும் கிளிக்கிளசைட்டும் எடுக்கிறார். கொலஸ்ட்ரோல் குளிசை ஈரலைக் கெடுக்கும் என்று யாரோ சொன்னதால் அதை நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாக, சீனி குறையட்டும் என்று ரசகிந்தத் தூள் வெந்நீரில் கலக்கிக் குடிக்கிறார். மதுவின் வாசமே ஆகாது. வெற்றிலை மட்டும் விடாது. குளிருக்கும் அட்டைக்கும் மலையில் பழகியது.

உயரம் 149, நிறை 55, பி.எம்.ஐ. 24.8. கையும் காலும் மெலிவு, இடுப்பு மட்டும் 91. உள்ளங்கை சிவந்திருந்தது. நெஞ்சின் மேற்பகுதியில் சிலந்திக்கால் போல விரியும் சிறு இரத்தக் குழாய்கள் இரண்டு மூன்று. எச்பிஏ1சி 8.4. முந்தைய ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. 34, அதன் பக்கத்தில் "நோமல்" என்று பேனாவால் ஒரு சரி அடையாளம். எஸ்.ஜி.ஓ.டி. யாரும் கேட்கவில்லை. கேட்டு எடுத்தோம்: 46. தட்டுக்கள் 1,32,000.

ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல்

ஃபிப்-4 என்றொரு கணக்கு இருக்கிறது. 2006இல் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி.யும் சேர்ந்து உள்ளவர்களுக்காக உருவானது; இப்போது கொழுப்பு ஈரலுக்கு உலகெங்கும் முதற் சல்லடை இதுதான். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்க வேண்டும். அதை, தட்டுக்களின் எண்ணிக்கையை (ஆயிரங்களில்) எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். 1.3க்குக் கீழே என்றால் ஈரலில் முற்றிய தழும்பு இருக்கும் சாத்தியம் மிகக் குறைவு. 2.67க்கு மேலே என்றால் இருக்கும் சாத்தியம் அதிகம். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழெல்லையை 2.0 ஆக எடுக்கிறார்கள்.

தம்பிக்கு 0.80. அக்காவுக்கு 3.47.

போன் கல்கியுலேட்டரில் போட்டுக் காட்டினேன். இருவருக்கும் அது புரியவில்லை. "ரெண்டுதானே பெரிசு?" என்று தம்பி கேட்டது நியாயமான கேள்வி.

ஸ்கேனில் எழுதும் கிரேடு, ஈரலில் எவ்வளவு கொழுப்பு வெள்ளையாகத் தெரிகிறது என்பதைச் சொல்வது. கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் சாதாரண ஸ்கேனுக்கு அது சரியாகப் பிடிபடாது. நோய் முற்றித் தழும்பு நிறைய நிறைய, ஈரலில் இருக்கும் கொழுப்பு குறைந்துகொண்டே போவதும் உண்டு. எஸ்.ஜி.பி.டி.யும் அதோடு சேர்ந்து இறங்கிச் சாதாரண அளவுக்கு வந்துவிடும். அதாவது கிரேடு 2இலிருந்து கிரேடு 1க்கு வந்தவர் குணமாகி வந்தவராகவும் இருக்கலாம், சிரோசிசுக்கு, அதாவது தழும்பு நிறைந்து ஈரல் இறுகிப்போகும் நிலைக்குப் போய்க்கொண்டிருப்பவராகவும் இருக்கலாம். கிரேடு அதைப் பிரித்துச் சொல்லாது.

2015இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கா, ஐரோப்பா, தாய்லாந்து நாடுகளில் திசுச் சோதனை செய்த 619 கொழுப்பு ஈரல் நோயாளிகளைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தது. திசுவில் பார்த்த கொழுப்பு, வீக்கம், அழற்சி எல்லாவற்றையும் எடை போட்டபோது, மரணத்தோடும் ஈரல் மாற்று அறுவையோடும் தனித்துத் தொடர்புபட்டது தழும்பின் நிலை ஒன்றே. நிலை 0 முதல் 4 வரை. 4 என்றால் சிரோசிஸ். மருந்து ஆராய்ச்சி முழுவதும் ஆட்களைத் தெரிவு செய்வதும் இந்த நிலையை வைத்துத்தான். நம்மூர் ரிப்போர்ட்டுகளில் அதைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. நான் இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

அக்காவை ஈரல் விறைப்பு அளவிடும் சோதனைக்காகக் கொழும்புக்கு அனுப்பினோம். அவிசாவளைப் பாதையில் விடியற்காலை பஸ், வளைவுகளில் வாந்தி, ஒருநாள் சம்பளத்தை விட்டுக் கூடப் போன மகள். முடிவு 16.4 கிலோபஸ்கால். 8க்குக் கீழே என்றால் கவலையில்லை, 12க்கு மேலே என்றால் முற்றிய தழும்பு, 15க்கு மேலே என்றால் சிரோசிஸ் என்றே நினைத்துக்கொண்டு நடக்க வேண்டும். மஞ்சள் இல்லை, வயிற்றில் நீர் இல்லை, இரத்த வாந்தி இல்லை. நோய் இன்னும் அடங்கி இருக்கும் கட்டம்.

உழைக்கிற உடம்புக்கு எப்படி வந்தது?

மகள் கேட்டது இதைத்தான். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கூடையோடு மலையில் ஏறி இறங்கியவருக்கு ஈரலில் கொழுப்பா?

இந்தக் கேள்விக்கு நம் மலையகத்திலேயே பதில் தேடியிருக்கிறார்கள். நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு தோட்டங்களில் 35 முதல் 64 வயது வரையானோரை வீடு வீடாகப் போய் அழைத்து, இரத்தமும் ஸ்கேனும் எடுத்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. பங்குபற்றிய 403 பேரில் ஏறக்குறைய எல்லோரும் தமிழர்கள். அதிகம் குடிப்பவர்களை விலக்கிய பிறகும் 18 சதவீதம் பேருக்குக் கொழுப்பு ஈரல் இருந்தது. பெண்களைவிட ஆண்களுக்கு இரட்டிப்பு. இதே வயதுக்காரரிடம் றாகமையில் நடந்த நகர்ப்புற ஆய்வில் வந்த எண் 32.6 சதவீதம். உழைப்பு கொஞ்சம் காப்பாற்றுகிறது என்று இதைப் படிக்கலாம். முழுக்கக் காப்பாற்றவில்லை என்பதும் அதே வரியில் இருக்கிறது. இடுப்புச் சுற்று, பி.எம்.ஐ., இரத்தச் சீனி, இரத்த அழுத்தத்தின் கீழ் எண் ஆகியவை கூடியவர்களுக்குத்தான் அங்கேயும் வந்திருந்தது.

ஈரலில் சேரும் கொழுப்பின் பெரும்பகுதி நேராகச் சாப்பாட்டு எண்ணெயிலிருந்து வருவதில்லை. 2005இல் ஐதரசனினதும் காபனினதும் கன சமதானிகளால் அடையாளமிட்டுச் செய்த ஒரு நுட்பமான ஆய்வு இதைப் பிரித்துப் பார்த்தது. 59 சதவீதம் உடற்கொழுப்பிலிருந்து கரைந்து இரத்தத்தில் வரும் கொழுப்பமிலம். 26 சதவீதம், மாச்சத்தையும் சீனியையும் வைத்து ஈரலே புதிதாகச் செய்துகொள்வது. சாப்பாட்டுக் கொழுப்பு மீதி 15 சதவீதம். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் முதல் இரண்டு குழாய்களும் மூடாமலே ஓடுகின்றன. கோதுமை மா ரொட்டி காலையில், பகலுக்கு மலையிலும் ரொட்டி, இரவில் சோறும் ஒரு கரண்டிப் பருப்பும், நடுவில் சீனித் தேத்தண்ணி. அரிசியையும் மாவையும் தோட்டமே கொடுத்துச் சம்பளத்தில் கழித்த காலத்திலிருந்து தட்டு இப்படித்தான் நிறைகிறது. எண்ணெய் அதிகமில்லாத இந்தத் தட்டு ஈரலுக்கு நல்லது என்று நினைப்பது இயல்பு. ஈரலோ மாவையே கொழுப்பாக்கிவிடும்.

இன்னொன்றும் என் மனதில் இருக்கிறது. அக்கா பிறந்த லயத்தில் குழந்தைகள் எடை குறைந்து பிறந்த காலம் அது. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தபோது அவருக்கு ஆறு, ஏழு வயது. புனேயைச் சேர்ந்த டொக்டர் யாஜ்னிக்கின் குழு, சராசரி 2.7 கிலோவில் பிறந்த இந்தியக் குழந்தைகளை 3.5 கிலோ ஆங்கிலேயக் குழந்தைகளோடு ஒப்பிட்டு, எடை குறைந்தாலும் தோலடிக் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை, தசைதான் குறைந்திருக்கிறது என்று காட்டியது. மெலிந்த கையும் 91 சென்ரிமீற்றர் இடுப்புமாக என் முன்னால் இருந்தவரைப் பார்த்தால் அந்த எண்கள் ஞாபகம் வராமல் இருக்காது. ஒருவருடைய சிரோசிசை ஒரு பஞ்சத்தின் தலையில் கட்டிவிட முடியாதுதான்.

ஆராய்ச்சி பேசுவது யாரைப் பற்றி

தம்பி போனில் பார்த்துவிட்டு "அந்த மெலியிற ஊசி" பற்றிக் கேட்டார். மகள் "அமெரிக்காவில வந்த புதுக் குளிசை" பற்றிக் கேட்டார். இரண்டும் உண்மையான மருந்துகள். இரண்டும் பல வருடத் தோல்விக்குப் பிறகு வந்தவை. ஒபெட்டிக்கோலிக் அமிலம் என்ற மருந்தைக் கொழுப்பு ஈரலுக்கு அனுமதிக்காமல் அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020இலும் 2023இலும் திருப்பி அனுப்பியது அதற்கு ஓர் உதாரணம்.

குளிசை ரெஸ்மெட்டிரோம். ஈரலில் உள்ள தைரொயிட் ஹோர்மோன் பீற்றா ஏற்பியைத் தூண்டி, அங்கேயே கொழுப்பை எரிக்க வைப்பது. 966 பேரிடம் நடந்த சோதனையில், 52 வாரத்தில் அழற்சியோடு கூடிய கொழுப்பு நோய் தீர்ந்தவர்கள் 100 மில்லிகிராம் எடுத்தவர்களில் 29.9 சதவீதம், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 9.7. தழும்பு ஒரு படியாவது குறைந்தவர்கள் 25.9க்கு 14.2. 2024 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்தது. ஊசி செமாகுளுடைட். 800 பேரின் 72 வார முடிவில் நோய் தீர்ந்தவர்கள் 62.9க்கு 34.3, தழும்பு குறைந்தவர்கள் 36.8க்கு 22.4. இதற்கு 2025 ஓகஸ்டில் அனுமதி.

இரண்டு சோதனைகளும் தழும்பு நிலை 2, 3 உள்ளவர்களை மையமாக வைத்தே நடந்தன. அனுமதியும் அந்த நிலைகளுக்கே, சிரோசிசுக்கு இல்லை. 0.80 உள்ள தம்பி அந்த வாசலுக்கு இந்தப் பக்கம். 16.4 உள்ள அக்கா அந்தப் பக்கம். செமாகுளுடைட்டை அடங்கிய சிரோசிஸ் உள்ள 71 பேரிடம் 48 வாரம் கொடுத்துப் பார்த்து 2023இல் வெளியிட்டார்கள். தழும்பு குறைவதில் வெற்று ஊசியை அது வெல்லவில்லை. எஃப்ருக்ஸிஃபெர்மின் என்ற இன்னொரு ஊசியைச் சிரோசிசிலேயே சோதித்தார்கள். 36 வாரத்தில் இலக்கை எட்டவில்லை. 96 வாரத்தில், கூடிய அளவு பெற்றவர்களிடம் நம்பிக்கை தரும் மாற்றம் தெரிந்தது. அடுத்த கட்டம் நடந்துகொண்டிருக்கிறது. அக்காவின் நிலையில் உள்ளவர்கள் கவனித்துக்கொண்டிருக்க வேண்டியது அந்தப் பக்கம்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். ரெஸ்மெட்டிரோம் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது வருடத்துக்கு 47,400 டொலர். டொலரை 300 ரூபாவாக வைத்து, 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள். வருடத்துக்கு 300 நாள் பேர் விழுந்தாலும் ஒரு வருட மருந்துக்கு 35 வருட உழைப்பு. செமாகுளுடைட்டின் விலை அப்படியே நிற்காது; இந்தியாவில் அதன் மூலக்கூறுக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான்.

என்னைக் கேட்டால், இந்தச் சோதனைகளில் மருந்துப் பக்கத்தைவிட வெற்று ஊசிப் பக்கத்தையே கூடுதலாக யோசிக்க வேண்டும். ஊசியில் ஒன்றும் இல்லாமலே 34.3 சதவீதம் பேருக்கு எப்படித் தீர்ந்தது? திசுச் சோதனையின் ஏற்ற இறக்கம் ஒரு காரணம். சாப்பாடு, நடை பற்றிய ஆலோசனையும், மாதாமாதம் யாரோ ஒருவர் நிறை பார்ப்பதும் இன்னொரு காரணம். நமது கிளினிக்கில் கிடைக்காதது அந்த ஊசி மட்டுமல்ல.

தம்பியின் பைக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. விற்றமின் ஈக்கு ஆதாரம் உண்டு: 2010இல் 247 பேரிடம் நடந்த சோதனையில் நாளுக்கு 800 அலகு எடுத்தவர்களில் 43 சதவீதம் பேருக்குத் திசு முன்னேறியது, வெற்றுக் குளிசையில் 19. ஆனால் அவர்கள் திசுச் சோதனையில் அழற்சி உறுதியானவர்கள், சீனி வருத்தம் இல்லாதவர்கள். 400 அலகு வருடக்கணக்கில் எடுத்த ஆண்களிடம் புரொஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதை 2011இல் வேறொரு பெரிய ஆய்வு பதிவு செய்தது. 0.80 உள்ளவருக்கு அந்தப் பேரம் கட்டுப்படியாகாது. சிலிமரினும் டொனிக்கும் பணத்துக்குத்தான் கேடு என்று சொல்லி நிறுத்தினேன்.

தம்பிக்குச் செய்தது

கியூபாவில் 293 பேரை ஒரு வருடம் வெறும் சாப்பாட்டாலும் நடையாலும் சிகிச்சை செய்து, முன்னும் பின்னும் திசு எடுத்து 2015இல் வெளியிட்டார்கள். நிறையில் 10 சதவீதம் குறைத்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு அழற்சி தீர்ந்தது; 45 சதவீதம் பேருக்குத் தழும்பும் குறைந்தது. மேலே சொன்ன இரண்டு புது மருந்துகளும் தங்கள் சோதனைகளில் இந்த எண்களைத் தொடவில்லை. அந்த 10 சதவீதத்தை எட்டியவர்களோ பத்துப் பேரில் ஒருவர். ஆகவே தம்பிக்கு 10 என்று சொல்லவில்லை. முதலில் ஐந்தரைக் கிலோ, அதாவது 7 சதவீதம்.

அவருடைய நாளில் ஆறு தேத்தண்ணி இருந்தது, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி. கரண்டிக்கு 5 கிராம் என்றாலே 90 கிராம் சீனி, 360 கலோரி. சீனியை நிறுத்துங்கள் என்று சொன்னபோது மனைவி சிரித்துவிட்டார். உள்ளங்கையில் கொஞ்சம் சீனியோ ஒரு கருப்பட்டித் துண்டோ வைத்துக் கடித்துக்கொண்டு சாயத் தண்ணி குடிக்கும் பழக்கம் அவருடைய அப்பாவுக்கு இருந்ததாம். அந்த யோசனை மனைவியுடையது. வேலை செய்ததும் அதுதான். ஸ்டாண்டில் ரோல்சுக்குப் பதில் அவித்த கடலை. இரவில் கொத்து ரொட்டி கிழமைக்கு ஒருநாள். ஓட்டோவை டவுனில் விட்டுவிட்டு லயத்துக்கு மேட்டில் நடந்து போவது. சாராயத்தைப் பற்றி நீண்ட பேச்சு நடந்தது. அதில் அக்காதான் அதிகம் பேசினார்.

கோப்பி குடிக்கலாமா என்று கேட்டார். பால், சீனி இல்லாமல் தாராளமாக. கோப்பி குடிப்பவர்களின் ஈரலில் தழும்பு குறைவு என்று பல நாட்டு அவதானிப்புகள் ஒத்துப்போகின்றன. 1869இல் துரு நோய் வந்து அழிக்கும்வரை இந்த மலைகளில் நின்றது கோப்பிதான் என்று சொன்னதும், "அப்ப அந்தக் காலத்துத் தொரைமாருக்கெல்லாம் ஈரல் நல்லா இருந்திருக்கும்" என்றார். அவர்கள் குடித்த விஸ்கியையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒன்பது மாதத்தில் 71.5 கிலோ, 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். எஸ்.ஜி.பி.டி. 36, எச்பிஏ1சி 5.7. மெடிக்கல் சரிவந்தது. ஆனால் அதற்குள் கட்டார் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

அக்காவுக்குச் செய்தது

முதலில் நிறுத்தியது ரசகிந்த. நமது சீந்தில்தான் அது. கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று இந்தியாவில் அதைக் குடித்தவர்களிடம், உடம்பின் எதிர்ப்பு அமைப்பே ஈரலைத் தாக்குவது போன்ற பாதிப்பு வந்ததை 2021இல் மும்பையிலிருந்தும் 2022இல் பல மருத்துவமனைகள் சேர்ந்தும் பதிவு செய்தார்கள். முன்பே ஈரல் நோய் இருந்தவர்களுக்கு நிலைமை மோசமானது. சிரோசிஸ் உள்ளவர் தொடவே கூடாது. வெற்றிலை பாக்கையும் குறைக்கச் சொன்னேன். பாக்குப் போடுபவர்களிடம் சிரோசிசும் ஈரல் புற்றுநோயும் கூடுதலாக இருப்பதைத் தாய்வான் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறைத்திருப்பதாகச் சொல்கிறார். பல் அப்படிச் சொல்லவில்லை.

அடுத்தது, நிறுத்தியிருந்த கொலஸ்ட்ரோல் குளிசையை, அதாவது ஸ்டற்றினைத் திரும்பத் தொடங்கியது. அடங்கிய சிரோசிசில் அது பாதுகாப்பானது. இவருக்கு ஈரலுக்கு முன்னால் இதயமே நிற்கும் வாய்ப்பும் குறைவில்லை. மெட்போமின் தொடர்ந்தது, தழும்பைக் குறைக்கும் என்பதற்காக அல்ல, சீனிக்காக. கிளிக்கிளசைட்டை மெதுவாக எடுத்துவிட்டோம், ஏனென்றால் ஈரல் தளர்ந்தவருக்கு இரவில் சீனி திடீரென்று இறங்கினால் ஆபத்து. அதன் இடத்தில் டாபாகிளிஃப்ளோசின். சீனாவில் 154 பேரிடம் நடந்து 2025இல் வெளியான சோதனையில், இந்த மருந்து எடுத்தவர்களில் 53 சதவீதம் பேருக்கு ஈரல் அழற்சி முன்னேறியது, வெற்றுக் குளிசையில் 30. அதில் சிரோசிஸ்காரர்கள் இல்லை என்பதை மகளிடம் சொல்லித்தான் கொடுத்தேன்.

தட்டுக்கள் 1,50,000க்குக் கீழே இருந்ததால் வாய்வழியாகக் கமரா விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. உணவுக் குழாயில் சிறிய நாளப் புடைப்புகள். ஈரலுக்குப் போகும் நாளத்தின் அழுத்தத்தைக் குறைக்கும் கார்விடிலோல் தொடங்கினோம், 6.25 மில்லிகிராமில் ஆரம்பித்து 12.5க்கு. இந்தக் குளிசையின் விலை ஒரு பிளேன்டீ காசு. ஸ்பெயினில் 201 பேரிடம் நடந்து 2019இல் வெளியான சோதனையில், இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 16 சதவீதம் பேருக்கும், எடுக்காதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் அடங்கியிருந்த நோய் கட்டுமீறியது அல்லது மரணம் நேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஹெபடைடிஸ் சி.யாலும் மதுவாலும் வந்தவர்கள்தான், கொழுப்பு ஈரல்காரர்கள் சிலரே. இருந்தாலும், வயிற்றில் நீர் சேராமல் பார்த்துக்கொள்ள இன்றைக்கு இவருக்குக் கையில் இருப்பதில் வலுவானது இதுதான். ஊசிகளைப் பற்றிய பேச்சில் இந்தக் குளிசை மறைந்துபோவது எனக்கு வருத்தம்.

சாப்பாட்டில் தம்பிக்குச் சொன்னதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தானும் இரவுச் சாப்பாட்டை விட்டுக் கஞ்சி குடிக்கத் தொடங்கியிருந்தார். அதை உடனே மாற்ற வேண்டியிருந்தது. ஈரல் சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாத நிலையில், இரவு முழுதும் பட்டினி கிடந்தால் உடம்பு தசையைக் கரைத்துக்கொள்ளும். இவரிடம் தசை ஏற்கெனவே குறைவு. கிலோவுக்கு 1.2 கிராம் புரதம், அதாவது நாளுக்கு 66 கிராம். முட்டை, பருப்பு, அவித்த கடலை, சோயா, பால். கருவாட்டின் உப்பு இவருக்கு வேண்டாம். படுக்கப் போகும்முன் கொஞ்சம் பாலும் ஒரு கைப்பிடி கடலையும் கட்டாயம். ஒரே வீட்டில் ஒருவர் குறைக்க வேண்டும், மற்றவர் குறைக்கவே கூடாது. இதை விளங்கப்படுத்தத்தான் அதிக நேரம் போனது.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் ஸ்கேன், கொழுப்பின் கிரேடு பார்க்க அல்ல, புற்றுக் கட்டி ஏதும் தொடங்கியிருக்கிறதா என்று பார்க்க. ஸ்கேன் சீட்டில் இதைத் தெளிவாக எழுதி அனுப்பினால்தான் எடுப்பவரும் அதைத் தேடுவார். முதல் இரண்டும் சுத்தம். ஒன்பது மாதத்தில் எச்பிஏ1சி 7.2, தட்டுக்கள் 1,29,000. சிரோசிசில் எச்பிஏ1சி உள்ளதைவிடக் குறைவாகக் காட்டலாம் என்பதால் விரல் நுனிச் சோதனையும் சேர்த்துப் பார்க்கிறோம்.

கூடப் பிறந்தவர்கள்

கொழுப்பு நோயால் சிரோசிஸ் வந்தவரின் பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்களிடம் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 12 மடங்கு என்று 2017இல் கலிபோர்னியாவிலிருந்து ஓர் ஆய்வு சொன்னது. சிறிய ஆய்வுதான். ஈரலில் கொழுப்பைக் கூட்டுவதாக 2008இல் கண்டுபிடிக்கப்பட்ட பிஎன்பிஎல்ஏ3 மரபணு மாற்றம் போன்றவை இதில் ஒரு பங்கு. ஒரே அடுப்புச் சாப்பாடு இன்னொரு பங்கு. இதனால்தான் 0.80 வந்த பிறகும் தம்பியை விறைப்புச் சோதனைக்கு அனுப்பினேன். வழிகாட்டல்கள் அவருக்கு அதைக் கட்டாயமாக்கவில்லை. 6.1 வந்தது.

கூடப்பிறந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஒருவர் கொழும்பில் கடை வேலை. இன்னொருவர் பதுளைப் பக்கம் கலியாணம் முடித்துப் போனவர். அக்காவே போன் பண்ணி இருவரையும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., தட்டுக்கள் மூன்றையும் எடுக்க வைத்துவிட்டார். கடைக்காரருக்கு 1.1. பதுளைக்காரருக்கு வயது 52, சீனி வருத்தம் உண்டு, ஸ்கேனில் கொழுப்பு என்று எதுவும் எழுதவில்லை, ஃபிப்-4 1.9. இடைப்பட்ட எண். விறைப்புச் சோதனைக்குத் திகதி எடுத்திருக்கிறோம். மூத்த அண்ணன் மட்டும் இன்னும் இரத்தம் கொடுக்க வரவில்லை. கொழுந்து குறைகிற மாதத்தில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.